கச்சான் காற்றில் அறுபடாத முனையம்: மோஷ், ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

தங்கச்சிமடத்தில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் இருக்கும் சேவையகம் ஒன்றில் ஓர் எழுத்தைத் தட்டினால், அந்த எழுத்து என் திரையில் தெரிவதற்கு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வினாடி ஆகிறது. கேட்பதற்கு இது அற்பமான நேரமாகத் தோன்றும். ஆனால் நாள் முழுவதும் கட்டளை வரியில் வேலை செய்பவருக்கு, தட்டிய எழுத்து தெரியாமல் விரல் தயங்கி நிற்பதும், பிழையை அழிக்கப் போய் ஓரெழுத்து கூடுதலாக அழித்துவிடுவதும், அதை மீண்டும் தட்டுவதும் சேர்ந்து மாலைக்குள் தலைவலியாக முடியும். கடல் உணவு ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் குளிர்பதனக் கிடங்குகளில் வெப்பநிலையைப் பதிவு செய்யும் நிரல்களைப் பராமரிப்பது என் வேலை. அவற்றுள் சில மும்பையிலும் சில ஃபிராங்க்ஃபர்ட்டிலும் ஓடுகின்றன. தொலைவிலுள்ள சேவையகத்தில் கட்டளைகளைத் தட்டும்போது இந்தத் தாமதம் கண்ணை உறுத்தாமல் இருப்பதற்காக நான் ஓராண்டாகப் பயன்படுத்திவரும் மோஷ் என்னும் கட்டற்ற மென்பொருளைப் பற்றியதே இந்த மதிப்புரை.

முதலில் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். தாமதம் தாங்காமல், இணைய நிறுவனத்தின் உள்ளூர் முகவரை அழைத்து 100 எம்பிபிஎஸ் திட்டத்திலிருந்து 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினேன். மாதக் கட்டணம் உயர்ந்தது. தாமதம் ஒரு மில்லி வினாடிகூடக் குறையவில்லை. குறையாது என்பதை நானே கணக்குப் போட்டிருக்கலாம். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது; அதாவது ஒவ்வொரு 100 கிலோமீட்டர் தொலைவுக்கும் போய்வர ஒரு மில்லி வினாடி ஆகும். ராமேஸ்வரம் தீவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் நேர்கோட்டில் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர் என்பதால், இயற்கை அனுமதிக்கும் குறைந்த அளவே 78 மில்லி வினாடி. வடங்களோ நேர்கோட்டில் செல்வதில்லை. நிலத்தைச் சுற்றி, கடலைச் சுற்றி, இடையிடையே திசைவிகளில் நின்று செல்வதால் எனக்குக் கிடைப்பது 170. குழாயை அகலமாக்கினால் ஒரே நேரத்தில் நிறையத் தண்ணீர் வரும். முதல் சொட்டு வந்து சேரும் நேரம் மாறாது. மும்பைச் சேவையகம் 45 மில்லி வினாடியில் பதில் தருவதால் அதில் எனக்குப் பெரிய குறையில்லை.

தொலைவு கொடுக்கும் தாமதம் ஒரு பங்குதான். இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய தொல்லை, இணைப்பு விட்டுவிட்டு வருவது. கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் இழை வடம் அறுவதும், மின்தடையில் தெருமுனைப் பெட்டி அணைந்துபோவதும், அப்போது கைபேசியின் இணைப்புக்கு மாறுவதும் எங்களுக்கு வாடிக்கையாகிவிட்டன. 1995இல் ஃபின்லாந்தின் டாட்டு யுலோனன் உருவாக்கிய, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைந்து வேலை செய்ய உதவும் எஸ்எஸ்எச், பாதுகாப்பில் குறை சொல்ல முடியாத கருவி. ஆனால் அது, தரவைச் சிறுசிறு பொதிகளாக்கி வரிசை தவறாமல் சேர்க்கும் டிசிபி நெறிமுறையின் மேல் ஓடுகிறது. டிசிபி இணைப்பு இரு முனைகளின் முகவரிகளோடு கட்டப்பட்டது என்பதால், வீட்டு வைஃபையிலிருந்து கைபேசிக்கு மாறிய கணமே பழைய இணைப்பு செத்துவிடுகிறது. மேலும், வழியில் ஒரு பொதி தொலைந்தால் அதற்குப் பின்னால் வந்தவை எல்லாம் வந்திருந்தும் வரிசையில் காத்து நிற்க வேண்டும். மறுமுறை அனுப்பியதும் தொலைந்தால் காத்திருக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகும். திரை உறைந்து, நாம் எரிச்சலில் நான்கு முறை என்டர் தட்டி, பின்பு எல்லாம் ஒன்றாகக் கொட்டும் அந்த அனுபவத்துக்கு இதுவே காரணம்.

மோஷ் 2012இல் வெளிவந்தது. எம்ஐடியில் இருந்த கீத் வின்ஸ்டைனும், சென்னை ஐஐடியில் படித்து எம்ஐடியில் பேராசிரியரான ஹரி பாலகிருஷ்ணனும் இதை ஓர் ஆய்வுக் கட்டுரையாகவும் உடனே பயன்படுத்தத்தக்க மென்பொருளாகவும் முன்வைத்தனர். இதன் அடிப்படை எண்ணம் எளிமையானது. எஸ்எஸ்எச், சேவையகம் உமிழும் ஒவ்வொரு பைட்டையும் வரிசை தவறாமல் நமக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. மோஷோ, திரை இப்போது எப்படி இருக்கிறது என்பதை மட்டும் நமக்குத் தெரிவிக்கிறது. இடைப்பட்ட நிலைகளைத் தவறவிட்டால் அதற்குக் கவலையில்லை. கடைசி நிலையே போதும். பெரிய பதிவுக் கோப்பொன்றைத் தவறுதலாகத் திரையில் கொட்டவிட்டு நிறுத்தத் துடித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்: எஸ்எஸ்எச்சில் கண்ட்ரோல்-சி அழுத்திய பின்னும் வழியில் தேங்கியிருந்த வரிகள் அனைத்தும் ஓடித் தீர வேண்டும், மோஷில் ஒருமுறை போய்வரும் நேரத்துக்குள் திரை அடங்கிவிடுகிறது.

நிறுவுவது கடினமல்ல. நம் கணினியிலும் சேவையகத்திலும் மோஷ் நிறுவப்பட்டிருக்க வேண்டும். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் பின்னணிச் சேவை எதுவும் தேவையில்லை. எஸ்எஸ்எச் கட்டளைக்குப் பதிலாக மோஷ் என்று தொடங்கினால், அது முதலில் எஸ்எஸ்எச் வழியாகவே உள்ளே சென்று, வழக்கமான சாவிகளைக் கொண்டே அடையாளத்தை உறுதிசெய்து, அங்கே தன் சேவையகப் பகுதியை எழுப்பி, ஒரு மறைகுறிச் சாவியைப் பெற்றுக்கொண்டு, எஸ்எஸ்எச் இணைப்பை மூடிவிடுகிறது. அதன் பின் எல்லாம், வரிசைக்குக் காத்திராமல் பொதிகளை அனுப்பும் யுடிபி நெறிமுறை வழியே, 128 பிட் ஏஇஎஸ் மறையாக்கத்தோடு நடக்கிறது. இரு முனையிலும், எல்லா மொழி எழுத்துகளையும் கையாளும் யுடிஎஃப்-8 மொழியமைப்பு இல்லாவிட்டால் தொடங்கவே மறுக்கும். பழைய சேவையகம் ஒன்றில் இதனால் அரை மணி நேரம் விழித்தேன்.

இனி, இதன் உயிர்நாடியான ஊகத்துக்கு வருகிறேன். நாம் ஓர் எழுத்தைத் தட்டியதும், சேவையகம் அதை எதிரொலிக்கும் என்று மோஷ் ஊகித்து, பதிலுக்குக் காத்திராமல் உடனே திரையில் காட்டிவிடுகிறது; மெய்யான பதில் வந்ததும் சரிபார்த்து, தவறாக இருந்தால் திருத்திக்கொள்கிறது. தாமதம் மிகுந்திருக்கும்போது, உறுதிசெய்யப்படாத எழுத்துகளுக்கு அடிக்கோடும் இடுகிறது. ஃபிராங்க்ஃபர்ட்டில் நான் வேகமாகத் தட்டும்போது, கோடு எழுத்துகளுக்கு ஓரிரு அடி பின்னால் ஓடிவந்து மறைந்துகொண்டே இருப்பதைக் காணலாம். மும்பையில் எழுத்துகள் உடனே தோன்றினாலும் அடிக்கோடு பெரும்பாலும் வருவதில்லை. இந்த அடிக்கோடுதான் இந்த மென்பொருளின் நேர்மை என்று நான் கருதுகிறேன். தாமதத்தை யாராலும் ஒழிக்க முடியாது, மறைக்க மட்டுமே முடியும். மறைக்கும்போது, இது நான் சொல்வது, சேவையகம் இன்னும் சொல்லவில்லை என்று பிரித்துக் காட்டுகிற ஒழுக்கம் எல்லா மென்பொருளுக்கும் வாய்ப்பதில்லை.

ஊகம் கண்மூடித்தனமானதும் அல்ல. என்டர் தட்டியதும் அது தன் நம்பிக்கையைக் கீழே வைத்துவிடுகிறது. புதிய வரியில் தட்டும் முதல் எழுத்துக்குச் சேவையகத்தின் எதிரொலி வந்த பின்பே, அடுத்தவற்றை முன்கூட்டிக் காட்டத் துணிகிறது. கடவுச்சொல் கேட்கும் இடத்தில் எதிரொலி வருவதில்லையாதலால், அங்கே கடவுச்சொல் திரையில் கசிவதும் இல்லை. இதற்கு நாம் கொடுக்கும் விலை, ஒவ்வொரு கட்டளையின் முதல் எழுத்தும் பழைய தாமதத்தோடே தோன்றுவதுதான். ஆய்வுக் கட்டுரை, உண்மையான பயனர்களின் விசைத்தட்டுகளைக் கொண்டு சோதித்தபோது ஏறத்தாழ 70 விழுக்காட்டு எழுத்துகளை உடனடியாகக் காட்ட முடிந்தது என்றும், மூன்றாம் தலைமுறைக் கைபேசி வலையமைப்பில் எஸ்எஸ்எச்சின் இடைநிலைத் தாமதம் 503 மில்லி வினாடியாக இருந்தது என்றும் கூறுகிறது. எனக்கும் அந்த எழுபது நியாயமான கணக்காகவே படுகிறது. விம் தொகுப்பியில் எழுத்தைச் செருகும்போது ஊகம் நன்றாக உதவுகிறது. வரிகளுக்கிடையே தாவும் கட்டளைகளில் அதற்கு வேலையில்லை, அங்கே 170 மில்லி வினாடி முழுதாகத் தெரியும்.

தமிழில் தட்டுபவர்களுக்கு ஒரு செய்தி. கிடங்குப் பணியாளர்களுக்குப் போகும் எச்சரிக்கைச் செய்திகளைத் தமிழில் எழுதுவதால், தமிழ் எழுத்துகளை முனையத்தில் திருத்துவது என் அன்றாட வேலை. அகரமேறிய எழுத்துகள் உடனே தோன்றுகின்றன. ஆனால் புள்ளியைப் போல் தனக்கென அகலம் இல்லாத குறி வந்ததும் மோஷ் ஊகத்தை நிறுத்தி, சேவையகம் பேசட்டும் என்று காத்திருக்கிறது. மெய்யெழுத்து இல்லாமல் தமிழில் ஒரு சொல்லைத் தாண்டுவது அரிது என்பதால், தமிழ் தட்டும்போது ஓட்டம் விட்டுவிட்டே அமைகிறது. எழுத்து சிதைவதில்லை, மெதுவாகத் தோன்றுகிறது, அவ்வளவே. முனையச் செயலிகள் தமிழைக் காட்டும் அழகைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பெரிய குறையாகத் தோன்றாது.

இடம்பெயர்தலில்தான் மோஷ் என்னை முழுமையாக வென்றது. நம் முகவரி மாறினாலும், சரியான சாவியால் மறையாக்கப்பட்ட புதிய பொதி எந்த முகவரியிலிருந்து வருகிறதோ அந்த முகவரிக்கே சேவையகம் பதில் அனுப்பத் தொடங்கிவிடுவதால், மறு இணைப்பு என்ற சடங்கே இல்லை. தங்கச்சிமடத்தில் வீட்டு வைஃபையில் தொடங்கிய அமர்வு, மடிக்கணினியை மூடிப் பையில் போட்டுப் பேருந்தேறி, கைபேசியின் இணைப்பில் பாம்பன் சாலைப் பாலத்தைக் கடந்து, உச்சிப்புளி தாண்டி ராமநாதபுரம் அலுவலகத்தில் திறக்கும்போது விட்ட இடத்திலேயே நின்றது. ஆண்ட்ராய்டு கைபேசியில் டெர்மக்ஸ் செயலிக்குள்ளும் மோஷ் கிடைக்கிறது. பாலத்தின் நடுவே பேருந்து நெரிசலில் நிற்க, பக்கத்தில் இருந்தவர் எல்லாம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தின் மேலே உயரும் தூக்குப் பகுதியைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு சேவையை மறுதொடக்கம் செய்துகொண்டிருந்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அன்று எனக்கு விடுமுறை.

ஆனால் இதே சிறப்பு ஒருமுறை என் காலை வாரிவிட்டதையும் எழுதத்தான் வேண்டும். உறவினர்களை அழைத்துக்கொண்டு தனுஷ்கோடிக்குப் போயிருந்தேன். அரிச்சல்முனையில் கைபேசி நம் நாட்டுக் கோபுரத்தை விட்டுவிட்டு இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வது இங்கே பலரும் அறிந்தது. வரவேற்புக் குறுஞ்செய்தி வரும், வெளிநாட்டு இணைப்பு வாங்காதவருக்கு இணையம் வராது. திரையின் உச்சியில் மோஷ் நீலப் பட்டையொன்றில், கடைசியாகத் தொடர்பு கிடைத்து எத்தனை வினாடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்தது. வரும் வழியில் ஒரு சேவை நினைவகத்தைத் தின்பதாக எச்சரிக்கை வந்திருந்ததால், அதை நிறுத்தும் கட்டளையைத் தட்டி என்டரும் அழுத்தினேன். எழுத்துகள் அடிக்கோட்டோடு நின்றன. போகவில்லை என்று கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுக் கடலைப் பார்க்கப் போய்விட்டேன். இதற்கிடையில் அலுவலகத்தில் இருந்த தம்பி ஒருவர் எச்சரிக்கையைப் பார்த்து, சேவையைத் திருத்தி, மீண்டும் ஓடவிட்டிருந்தார். முகுந்தராயர் சத்திரத்தை நெருங்கும்போது நம் கோபுரம் கிடைத்தது. நான் ஒன்றரை மணி நேரத்துக்கு முன் தட்டிய கட்டளை ஓரெழுத்தும் பிசகாமல் போய்ச் சேர்ந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த சேவையை நிறுத்தியது. உடனே அழைப்பு வந்தது: “அண்ணே, நான் ஏத்தி விடுறேன், நீங்க இறக்கி விடுறீங்களே!”

இது மோஷின் பிழையன்று. நாம் தட்டியவற்றை ஒன்றும் விடாமல் வரிசையாகக் கொண்டு சேர்ப்பதாக அது வாக்களித்திருக்கிறது. திரையைத்தான் தாண்டித் தாண்டிக் காட்டுமே தவிர, விசைகளைத் தவறவிடாது. எஸ்எஸ்எச்சாக இருந்திருந்தால் இணைப்பு செத்து, கட்டளையும் அதனோடு செத்திருக்கும். அறுபடாத இணைப்பைக் கேட்டு வாங்கியவன், மனம் மாறியதை அதற்குச் சொல்லவும் வேண்டும்: கண்ட்ரோல், ஷிஃப்ட், 6 ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தி, பின் முற்றுப்புள்ளியைத் தட்டினால் மோஷ் அங்கேயே முடிந்துவிடும், தேங்கிய விசைகள் போகா. இப்போது நீலப் பட்டை தெரியும்போது நான் என்டர் விசையைத் தொடுவதில்லை.

குறைகள் வேறும் உண்டு. முதன்மையானது, பின்னோக்கிச் சுருட்ட முடியாமை. திரையின் இப்போதைய நிலையை மட்டுமே மோஷ் ஒத்திசைப்பதால், மேலே ஓடிப்போன வரிகள் நம் கணினியில் இருப்பதில்லை. அதற்கு, அமர்வைச் சேவையகத்திலேயே உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸ் என்னும் கருவியை அங்கே ஓட்டியாக வேண்டும். டிமக்ஸ் இல்லாத மோஷை நான் பரிந்துரைக்கவே மாட்டேன், வேறொரு காரணத்துக்காகவும்: மடிக்கணினி மின்கலம் தீர்ந்து அணைந்துவிட்டால் நம் பக்கத்துச் சாவி அழிந்துவிடும், சேவையகத்தில் மோஷ் அமர்வு அனாதையாக ஓடிக்கொண்டிருக்கும், அதை மீண்டும் பிடிக்க வழியில்லை. அடுத்த முறை நுழையும்போது இன்னின்ன எண்ணுள்ள அமர்வுகள் விடுபட்டுக் கிடக்கின்றன என்று அது பட்டியல் வாசிக்கும். நாமே கொன்றுபோட வேண்டும். குறிப்பிட்ட நேரம் தொடர்பில்லையெனில் தானே முடிந்துவிடச் செய்யும் அமைப்பும் உண்டு, ஆனால் இயல்பாக அது இயங்குவதில்லை.

யுடிபியின் 60000 முதல் 61000 வரையான துறைகளை (போர்ட்) தீயரணில் திறக்க வேண்டும் என்பதும் எல்லா இடத்திலும் எளிதல்ல. எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் பாதுகாப்புப் பிரிவு இதைக் கேட்ட மாத்திரத்தில் மறுத்துவிட்டது. ஒரே ஒரு துறையை மட்டும் குறிப்பிட்டுக் கேட்டபோதும் மறுத்தது. இடைச் சேவையகம் ஒன்றின் வழியாக மட்டுமே நுழைய முடிகிற அமைப்புகளில் மோஷை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. துறை முன்னனுப்பல், சாவி முகவர் முன்னனுப்பல், கோப்புப் பரிமாற்றம் எதுவும் இதில் இல்லை. இன்னொன்று, நான் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது: கைபேசி இணைப்பில் ஐபிவி6 முகவரியில் தொடங்கிய அமர்வு, ஐபிவி4 மட்டுமே உள்ள வீட்டு வைஃபைக்கு வந்ததும் நின்றுபோகிறது. எத்தனை வலையமைப்பு மாறினாலும் தாங்கும் மோஷால் இந்த இரு முகவரி வகைகளுக்கிடையே தாவ முடியாது. தொடங்கும்போதே ஐபிவி4 மட்டும் என்று சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

வளர்ச்சியும் நிதானமானதே. 2017இல் 1.3.2 பதிப்பு வந்த பின், 1.4.0 வருவதற்கு 2022 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முழு வண்ண ஆதரவு அதில்தான் சேர்ந்தது. உபுண்டு 22.04 இன்னும் பழைய பதிப்பையே தருவதால், விம்மின் வண்ணங்கள் அங்கே மங்கித் தெரிவதைக் கண்டு மோஷைக் குறை கூறுபவர்கள் முதலில் பதிப்பெண்ணைப் பார்ப்பது நல்லது.

எஸ்எஸ்எச்சை நான் கைவிட்டுவிடவில்லை. நிரல் மாற்றங்களைக் கிட் களஞ்சியத்துக்கு அனுப்புவதும், ஆர்சிங்க் மூலம் கோப்புகளை ஒத்திசைப்பதும் அதன் வழியேதான். அங்கே தாமதம் எழுத்தில் இல்லை, கைகுலுக்கலில் இருக்கிறது: ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் சாவி ஒப்பந்தம், அடையாள உறுதி என்று பல முறை போய்வர வேண்டியிருப்பதால், ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு ஒரு சிறு கட்டளை அனுப்ப எனக்கு ஒன்றரை வினாடி ஆனது. அமைப்புக் கோப்பில் கண்ட்ரோல்மாஸ்டர், கண்ட்ரோல்பாத், கண்ட்ரோல்பெர்சிஸ்ட் என்னும் மூன்று வரிகளைச் சேர்த்து, முதல் இணைப்பைப் பத்து நிமிடம் திறந்தே வைக்கச் சொன்னதும், அடுத்து வருபவை அதே இணைப்பில் ஏறிக்கொண்டு அரை வினாடிக்குள் முடிகின்றன. செலவு மூன்று வரி. மோஷை நிறுவ மனமில்லாதவர்களும் இதைச் செய்துகொள்ளலாம்.

யுடிபி அனுமதிக்கப்படாத அந்த வாடிக்கையாளரின் சேவையகத்துக்கு எடர்னல் டெர்மினல் என்னும் கருவியைச் சில வாரம் முயன்றேன். அது டிசிபியிலேயே ஓடி, இணைப்பு அறுந்தால் தானே மீட்டுக்கொள்கிறது. பின்னோக்கிச் சுருட்டவும் முடிகிறது. ஆனால் ஊகம் இல்லாததால் தாமதம் அப்படியே தெரிகிறது, சேவையகத்தில் தனிப் பின்னணிச் சேவை ஒன்றையும் ஓட்ட வேண்டும். அறுபடாமல் இருந்தால் போதும் என்பவருக்கு அது ஏற்றது. எனக்கு விரலும் கண்ணும் ஒன்றாக நகர வேண்டும்.

மும்பை போன்ற பக்கத்துச் சேவையகத்தில், நிலையான இணைப்பில், ஒரே மேசையில் இருந்து வேலை செய்பவருக்கு மோஷ் தேவையில்லை. கண்ட்ரோல்மாஸ்டரும் டிமக்ஸும் போதும். கடல் தாண்டிய சேவையகத்தில் நாள்தோறும் தட்டுபவருக்கும், பேருந்திலும் கைபேசியிலும் வேலை தொடர வேண்டியவருக்கும், எங்களைப் போல் காற்று அடிக்கும் ஊரில் இருப்பவருக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன். விலை ஏதுமில்லை, ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. 300 எம்பிபிஎஸ் திட்டத்தைப் பழையபடி 100க்கு இறக்கச் சொல்லி முகவரிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து குறையும் என்கிறார்.